குருவம்மாள் தொட்ட கடைசிப் படி

குரங்கணியில் குருவம்மாளை அறிந்தவர்கள் அவள் வாயிலிருந்து நல்ல சேதி எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஏலக்காய் கொத்துக்கொத்தாய்ப் பிடித்த ஆண்டிலும், "என்னத்தக் காச்சுது, எல்லாம் பொக்கு" என்பாள். சிலமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். குடிக்காத, கை நீட்டாத கணவன் வாய்த்திருந்தான். அவனைப் பற்றிக் கேட்டால், "கெடக்காரு ஒரு பக்கம்" என்பாள். எலுமிச்சம்பழ நிறத்தில் பிறந்த ஒரே மகளுக்குக் கருத்தம்மாள் என்று பெயர் வைத்தாள். இதற்குப் பொய் என்று பெயரில்லை, காவல் என்று பெயர். நிறைவை வாய்விட்டுச் சொல்வது கண்ணேறுக்கு இலை போட்டு அழைப்பதாகும் என்பது மலையடிவாரத்தில் சோறுண்ணும் எவருக்கும் தெரியும். இறைவன் அருளில் திளைத்துப் பாடிய அடியார்களே தம்மைக் கடையேன் என்றுதானே சொல்லிக்கொண்டார்கள்?

அந்தக் கருத்தம்மாள் தேவாரம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டாள். நெடுங்காலம் கரு தங்காமல் கோயில் கோயிலாய் நடந்தாள். கடைசியில் ஒரு சூல் நிலைத்து, வளையல் பூட்டி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குருவம்மாள் தன் ஆயுளில் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. ஆகவே அவ்வளவு கடுகடுத்ததும் இல்லை.

அது எழுபத்தெட்டாம் ஆண்டு ஐப்பசி. மழை ஓய்ந்த ஒரு முற்பகலில் மதுரையிலிருந்து படித்தவர் ஒருவர் வந்திறங்கினார். எந்தெந்த நாட்டார் எவ்வளவு மகிழ்ச்சியாயிருக்கிறார்கள் என்று அளந்து வரிசைப்படுத்தும் பெரும்பணியில், இந்த மலையோரம் அவர் பங்குக்கு விழுந்திருந்தது. கையில் ஓர் அட்டை, அட்டையில் பத்துப் படி ஏணி. உச்சிப்படி பேரின்பம், அடிப்படி பெருந்துன்பம். உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். சீமையில் எவனோ வரைந்த ஏணியை ஏலக்காட்டில் சாத்திப் பார்க்கிறோமே, அது நிற்குமா என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை.

முதலில் பக்கத்து வீட்டு அன்னக்கொடியிடம் அட்டையை நீட்டினார். அவள் கணவன் பூப்பாறையில் வேறொருத்தியோடு குடியிருப்பது ஊரறிந்த செய்தி. வீட்டுக் கேவலத்தை வழிப்போக்கரிடம் விரித்துக் காட்டுவாளா? எட்டாம் படியைத் தொட்டாள். அவர் அகமகிழ்ந்து எழுதிக்கொண்டார்.

அடுத்தவள் குருவம்மாள். உள்ளே மகள் படுத்திருந்தாள். குருவம்மாள் கடைசிப் படிக்கும் கீழே, அட்டையின் விளிம்பில் விரலை ஊன்றினாள். நன்றாக யோசித்துச் சொல்லும்படி அவர் கெஞ்சினார். எங்களுக்கெல்லாம் என்ன வாழுது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்குக் கண் கலங்கிற்று. படிப்பு ஒரு மனிதனை இந்த அளவுக்கு மழுக்கும் என்பதை அவள் அன்றுதான் கண்டாள். அவர் தலை மறைந்ததும் அன்னக்கொடியிடம் சொன்னாள்:

"பாவம்டி, யாரு பெத்த பிள்ளையோ. எது சொன்னாலும் அப்படியே எழுதுது."

கலங்கிய கண்ணோடு அவர் ஊர் திரும்பியிருந்தால் கேடில்லை. நேரே தேவாரம் போனார். கருத்தம்மாளின் மாமியார் பெரியம்மாளிடமும் ஏணியைக் காட்டினார். அவள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, குரங்கணியில் இன்னாருடைய வீட்டில் கண்ட துயரத்தை உருகி உருகி விவரித்தார்.

பெரியம்மாளுக்கு அது போதும். தோட்டமும் கிணறும் காரை வீடும் உள்ள குடும்பத்தின் முதல் பேரன், காய் பறிக்கும் கூலிக்காரி வீட்டில் பிறப்பது அவளுக்கு ஆரம்பம் முதலே முள்ளாய்க் குத்தியது. முறையை மீற வழியின்றிப் பொறுத்திருந்தவளுக்கு இப்போது வழி கிடைத்தது. மறுநாளே ஜீப்பு பிடித்து வந்து, வாசலில் நின்றபடி தெருவே கேட்கப் பேசினாள். துக்கம் பிடித்த வீட்டில் தன் வம்சம் பிறக்கக் கூடாது. வீட்டுக்காரியே படிக்குக் கீழே விரலை வைத்துவிட்டாள். மருமகளை இப்போதே கூட்டிப்போகிறேன் என்றாள். கருத்தம்மாள் மறுபேச்சுப் பேசத் துணியாமல் துணிமூட்டையோடு நிலைவாசலுக்கு வந்து நின்றாள்.

குருவம்மாள் 'சந்தோசமாத்தான் இருக்கோம்' என்று ஒரு சொல் சொன்னால் மகளை நிறுத்திக்கொள்ளலாம். நிறைசூலி நிற்கும் இடத்தில் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல முடியாது. மதுரைக்காரரின் மடமையை அவளால் மன்னிக்க முடிந்தது, அவர் அறியாதவர். இவள் அறிந்தவள். பிறக்கப்போகிற பேரனுக்கு மொக்கையன் என்று பெயர் பார்த்து வைத்திருப்பவள். எல்லாம் தெரிந்துகொண்டே, ஏணி பேசியதை வேதவாக்காய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குருவம்மாளுக்குக் கோபம்கூட வரவில்லை. சாணியை மிதித்தவள் தன் பாதத்தைப் பார்ப்பதுபோல் சம்பந்தியைப் பார்த்தாள்.

"ஏன் மதினி, அந்த ஆளு ஒங்க வீட்டுக்கும்தான வந்தாரு? நீங்க எந்தப் படியத் தொட்டீங்க?"

பெரியம்மாள் தொட்டதும் அடிப்படியாகத்தான் இருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதை ஒப்புக்கொண்டால் வெறுங்கையோடு ஜீப்பு ஏற வேண்டும். அத்தனை பேர் முன்னால் கூலிக்காரியிடம் தோற்பதா? அவள் கழுத்தை நிமிர்த்தினாள்.

"நாங்க எதுக்குக் கீழ தொடணும்? பத்தாவது படிதான். எங்களுக்கு என்ன கொறை? பேரன் வரப்போறான், எல்லாம் நெறைஞ்சு கெடக்கு."

அன்னக்கொடி காதைப் பொத்திக்கொண்டாள். ஜீப்பு ஓட்டி வந்தவன் கீழே குனிந்து டயரைப் பார்க்கத் தொடங்கினான். கருத்தம்மாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். மாமியார் சொல்லுக்கு ஒருநாளும் எதிர்ச்சொல் சொல்லாதவள்.

"நான் வரலை அத்தே. பெத்து எந்திரிச்சு வர்றேன்."

"என்னடி பேசுற?"

"என் பிள்ளை மேல நீங்களே கண்ணு வச்சுட்டீங்களே."

தான் என்ன சொன்னோம் என்பது பெரியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று குழறினாள். அந்தப் படித்த மூதேவியால் வந்த வினை என்றாள். மொக்கைப் பிள்ளை, சொத்தைப் பிள்ளை என்று வாய்க்கு வந்த தாழ்ச்சியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யாரும் ஆமோதிக்கவில்லை.

குருவம்மாள் உள்ளே போய், உப்பும் மிளகாய் வற்றலும் கைப்பிடியில் எடுத்து வந்தாள். கண் வைத்தவரின் காலடி மண்ணும் சேர்ந்தால்தான் சுற்றிப் போடுவது பலிக்கும். அதை வழக்கமாக ஆள் போன பிறகு, ஆளுக்குத் தெரியாமல் எடுப்பார்கள். குருவம்மாள் அந்த மரியாதையைக்கூட வைக்கவில்லை. சம்பந்தியின் முன்னே குந்தி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் காலத் தூக்குங்க மதினி."

பெரியம்மாள் தூக்கினாள்.