ஆயில் கடை அக்காவும் முப்பது நம்பரும்

ஆயில் கடைக்கு ஒரு வேன்காரர் வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை வெளியே சொல்லவும் மனம் வராது. டின்னைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், படித்து முடித்தவர் போலத் தலையை ஆட்டுவார். ஒருநாள் பிரேக்குக்கு ஊற்ற வேண்டியதை விட்டுவிட்டு வேறொரு டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். கல்லாவில் இருந்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, அத இப்படிக் குடுங்க. என் கண்ணாடி சரியில்ல. சத்தமாப் படிச்சாத்தான் எனக்கே வெளங்குது" என்று வாங்கி, டின்னில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தார். "அட, இது இல்லக்கா" என்று வேன்காரர் தானாகவே மாற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அக்கா டின்னைச் சத்தமாகப் படித்துத்தான் கொடுப்பார். வேன்காரருக்கு மட்டும் படித்தால் அவருக்கு உறைக்குமே என்று ஊருக்கே படித்தார். இது தெரியாத பல் டாக்டர் ஒருவர், அந்த அம்மாவுக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்தக் கடைக்கு முதலில் வந்தது புனல் கழுவுவதற்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் புனலிலிருந்து பீப்பாய்க்கும், பீப்பாயிலிருந்து கல்லாவுக்கும் வந்து சேர்ந்தார். கடை அகலம் இரண்டு ஆள் படுக்கிற அளவு. தரையில் மரத்தூள், சுவர் ஓரம் கைப்பம்பு வைத்த நான்கு பீப்பாய்கள், மேலே கூரை வரைக்கும் டின்கள். காலையில் ஷட்டரைத் தூக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். "ஆண்டவனே, இன்னைக்கு யாரும் தப்பா ஊத்திடக் கூடாது" என்பதுதான் அவர் வேண்டுதல். கடவுள் அந்த வேண்டுதலைப் பெரும்பாலும் நிறைவேற்றினார். பழைய கார் சங்கத்துக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அவரும் கையை விரித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

பல் டாக்டர் அந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினர். ஐம்பது வயதான ஒரு காரை வீட்டம்மா பேச்சைக் கேட்காமல் வாங்கி, வீட்டம்மாவைவிட அதிகமாகத் துடைத்து வைத்திருந்தார். அந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்று இன்னொரு சின்னப் பெட்டி. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தபின் ஸ்விட்சைத் தட்டினால், இன்ஜின் கத்துவதை நிறுத்திவிட்டு முனகிக்கொண்டு போகும். தட்டாவிட்டால் கடைசிவரை கத்தல்தான்.

வீட்டம்மாவுக்குக் கத்தல் ஆகாது. ஒற்றைத் தலைவலி வந்துவிடும். "அடுத்த ஞாயித்துக்கிழம எங்க அக்கா ஊருக்குப் போறோம். நாலு மணி நேரம். வண்டி அமைதியாப் போனா இருக்கட்டும். கத்துச்சுன்னா ஓட்டல்காரருக்குக் குடுத்துடுவோம். இதுக்கு மேல என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஓட்டல்காரர் அந்தக் காரை வரவேற்பறையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜின் இருந்த இடத்தில் பூச்செடி வைக்க ஆசைப்பட்டிருந்தார். டாக்டருக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

போவதற்குமுன் கியர் பாக்ஸுக்குப் புது எண்ணெய் மாற்றிவிடலாம் என்று அவர் நினைத்ததுதான் வினையாகப் போயிற்று. நினைத்தவர் பேசாமல் மாற்றியிருக்கலாம். சங்கத்தில் கேட்டார்.

சங்கம் கூடியது. கெட்டி எண்ணெய்தான் வேண்டும் என்று நாலு பேர், நீர்த்த எண்ணெய்தான் என்று மூன்று பேர். வண்டியே இல்லாமல் வெறும் ஆர்வத்தில் வருகிற ஒருவர் இரண்டு பக்கமும் பேசினார். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் செயலாளர் எழுந்தார்.

"டின்னுல தர நம்பர் போட்டிருக்கும். நாலுன்னு ஒண்ணு, அஞ்சுன்னு ஒண்ணு. நாலு பெருசா, அஞ்சு பெருசா?"

"அஞ்சு" என்றது சபை.

"அப்புறம் என்ன பேச்சு? அஞ்ச வாங்குங்க. கூடவே உராய்வு குறைக்கிற மருந்து ஒரு பாட்டில் கலந்துடுங்க. வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும்."

கைதட்டல் எழுந்தது. இத்தனை பேர் படித்தவர்கள், ஒருவருக்கும் வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பார்க்கலாமே என்று தோன்றவில்லை.

டாக்டர் கடைக்குப் போய் அஞ்சையும் மருந்தையும் கேட்டார். அக்கா இரண்டையும் எடுத்து உரக்கப் படித்தார். பிறகு, "எந்த வண்டிக்கு டாக்டர்?" என்றார். டாக்டர் பெருமையாகச் சொன்னார்.

"ஓவர்டிரைவ் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இதெல்லாம் வேணாம். சாதா முப்பது நம்பர் இன்ஜின் ஆயில் போதும். பீப்பாயிலயே இருக்கு, பம்பு அடிச்சுத் தரேன்."

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. அவருடைய காருக்குப் பீப்பாய் எண்ணெயா? "அது தண்ணி மோட்டாருக்கு ஊத்துறது இல்ல?"

"அதுக்கும் ஊத்துவாங்க."

"நாங்க ரெண்டு மணி நேரம் கூட்டம் போட்டு முடிவு பண்ணியிருக்கோம்மா."

"சரி டாக்டர். மூடியத் திறக்கறதுக்கு முன்னாடி வண்டிப் புத்தகத்த ஒரு தடவ பாத்துடுங்க. திறக்கலன்னா திருப்பி எடுத்துக்கறேன்" என்று அக்கா பையில் போட்டுக் கொடுத்தார்.

டாக்டர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்தார். காருக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிப் பழையதை வடித்துவிட்டு, புதியதை மருந்தோடு கலந்து ஊற்றினார். ஊற்றும்போது குழந்தைக்கு மருந்து புகட்டுகிற முகம்.

புதன்கிழமை வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு சுற்றுச்சாலைக்குப் போனார். வேகம் எடுத்து ஸ்விட்சைத் தட்டினார். டக் என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். இன்ஜின் ஒரு நொடி தடுமாறி, முன்னிலும் உரக்கக் கத்தியது. மறுபடி தட்டினார். மறுபடியும் கத்தல். வீட்டம்மா நெற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பைக்குள்ளிருந்து ஓட்டல்காரரின் விசிட்டிங் கார்டை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் செயலாளருக்குப் போன் செய்தார். "ஒண்ணும் பயப்படாதீங்க. இன்னொரு பாட்டில் ஊத்துங்க" என்றார் செயலாளர். அந்த இடத்தில்தான் டாக்டருக்குப் புத்தி வந்தது. டாஷ்போர்டுக்குள்ளிருந்து புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஆயில் கடைக்கு ஓடினார்.

அக்கா ஒன்றும் குத்திக்காட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டு, எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த பொடி எழுத்தை வெறுங்கண்ணால் கடகடவென்று படித்தார். முப்பது நம்பர் இன்ஜின் ஆயில் என்று போட்டிருந்தது. அதன் கீழே, உராய்வைக் குறைக்கும் எதையும் கலக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் படிப்பதை டாக்டர் வாயைப் பிளந்து பார்த்தார். உரக்கப் படிப்பதற்குக் காரணமான வேன்காரர் கதை பிறகு பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"உள்ள கூம்பு மாதிரி ஒண்ணு இருக்கு டாக்டர். அது போய்க் கவ்வினாத்தான் ஓவர்டிரைவ் வேலை செய்யும். நீங்க அதுக்கு வழுக்க மருந்து குடுத்திருக்கீங்க. பல்லுக்கு சிமெண்ட் வைக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் தடவுவீங்களா?"

"தடவ மாட்டேன்" என்றார் டாக்டர்.

"எத்தன போல்ட் கழட்டுனீங்க?"

"ஒண்ணு."

"ரெண்டு இருக்கும். பின் பெட்டிக்குத் தனியா ஒண்ணு. எண்ணெய் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா வடியற வழி வேற. உள்ள சல்லடை ஒண்ணு இருக்கும், அதையும் கழுவுங்க. முப்பது நம்பர ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டி வடிச்சிடுங்க. மூணு தடவ ஊத்தணும், கடைசியா ஊத்தினது அப்படியே இருக்கட்டும். அந்த மருந்து சீக்கிரம் விடாது."

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் டாக்டர் காருக்கு அடியில் கிடந்தார். பல் வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலில் காத்திருந்தார்கள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை கொஞ்சம் பிடித்து விட்டுவிட்டது. மூன்றாம் தடவை ஊற்றியபின் ஓட்டிப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. கடவுளைக் கும்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலை ஏறியதும் ஸ்விட்சைத் தட்டினார். கவ்வியது. கத்தல் அடங்கி, வண்டி முனகிக்கொண்டு ஓடியது. பத்து நிமிடம் ஆகியும் கத்தல் திரும்பி வரவில்லை. வீட்டம்மா என்ன சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் ஒரு சுற்றறிக்கை வாசித்தார். சங்கம் பல நாள் ஆராய்ந்து, ஓவர்டிரைவ் வண்டிகளுக்கு முப்பது நம்பரே உகந்தது என்று கண்டுபிடித்திருக்கிறதாம். மறுநாள் உறுப்பினர்கள் கடையில் வரிசை கட்டினார்கள். அக்கா பீப்பாயிலிருந்து பம்பு அடித்துக் கொடுத்தார். வண்டியே இல்லாதவரும் ஒரு லிட்டர் வாங்கிப் போனார். ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இதே எண்ணெய் இன்னும் கொஞ்சம் விலை ஜாஸ்தியா இருக்காம்மா?" என்றார்.

"இல்ல சார். இதேதான் இருக்கு" என்றார் அக்கா.

இரண்டு வருடம் கழித்து, அக்கா வேலையை விட்டுவிட்டுத் தங்கை ஊரோடு போய்ச் சேர முடிவு செய்தார். நான்தான் கொண்டுபோய் ரயிலேற்றுவேன் என்று டாக்டர் பிடிவாதமாக நின்றார். எத்தனையோ வண்டிகளுக்கு எண்ணெய் அளந்து கொடுத்தவர் பழைய கார் ஒன்றில் ஏறி உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. மடியில் பையை அணைத்துக்கொண்டு, புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். புறவழிச்சாலையில் டாக்டர் ஸ்விட்சைத் தட்டினார். இன்ஜின் அடங்கியது. அக்கா கண்ணை மூடி அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் இறங்கி, தன் பக்கத்துக் கதவைச் சாத்தினார். அது சாத்திக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் சாத்தினார். பிறகு கதவை லேசாக ஆட்டிப் பார்த்து, ஜன்னல் வழியே குனிந்தார்.

"நல்லாத்தான் போகுது டாக்டர். கதவு மட்டும் கொஞ்சம் ஆடுது. சங்கத்துல சொல்லிடாதீங்க. ரெண்டு ஸ்க்ரூவ முடுக்கினாப் போதும்."