ஷஹர்பானுவின் பவளத்தொட்டி

கோவளத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஷஹர்பானுவுக்கு அந்தக் கடல்நீர்த் தொட்டி தற்செயலாகத்தான் வந்து சேர்ந்தது. ஈ.சி.ஆரில் ஓர் ஓட்டலை மூடியபோது அதன் முதலாளி, "மீனெல்லாம் செத்துப்போச்சுக்கா, தொட்டி வேணும்னா எத்துகினு போ" என்றார். மீன் இல்லைதான். ஆனால் உள்ளே கற்களின் மேல் சிவப்பும் பச்சையுமாக வட்ட வட்டமாய் எவையோ ஒட்டிக்கொண்டிருந்தன. காளான் பவளம் என்று யூடியூப் சொன்னது. அவை உயிரோடிருந்தன.

வளர்க்கும் விதத்தையும் அதிலேயே பார்த்துப் பழகினாள். தீனி போடும் நேரம் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்துவாள். இறாலை மிளகளவு நறுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, ஒவ்வொன்றின் வாயருகே விடுவாள். அது விளிம்பை மடக்கிச் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும்.

ஐஸ் வண்டி ஓட்டும் கணவர் நூர்முகமது, "எனக்கு நாஸ்தா இல்ல, பூவுக்கு ஊட்டிகினு கீறா" என்று சிரிப்பார். சிரித்தபடியே குனிந்து பார்ப்பார்.

ஒரு மழைக்காலம். ஷஹர்பானு கல்யாணத்துக்கு மதுராந்தகம் போயிருந்தாள். தண்ணீர் கலங்கலாகத் தெரியவே, உதவுவதாக நினைத்து அவர் கடலிலிருந்து கேன் கேனாகக் கொண்டுவந்து பாதித் தொட்டியை மாற்றிவிட்டார். முட்டுக்காட்டு முகத்துவாரம் உடைத்துக்கொண்டு மழைவெள்ளம் கடலில் கலந்துகொண்டிருந்த நேரம் அது.

திரும்பி வந்தபோது வீடெல்லாம் அழுகல் நாற்றம். பவளங்கள் கூழாகிக் கிடந்தன.

"இன்னாங்க பண்ணீங்க?"

"கடல்ல வளர்றதுக்குக் கடத்தண்ணிதான ஊத்துனேன், பானு."

"அதுல மழத்தண்ணி கலந்து கீதுங்க. உப்பே இல்ல."

அவருக்கு முகம் செத்துவிட்டது. அவள் திட்டவில்லை. அழுகியவற்றை அள்ளிப் போட்டாள். சுத்திகரித்த நீரில் கடலுப்பைக் கரைத்து, கருவியில் அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். யாரும் கேட்காமலே நூர்முகமது தினமும் தண்ணீர் கேன் சுமந்து வந்தார்.

கல்லிடுக்கில் ஒரு பச்சைப் பவளம் மட்டும் பருப்பளவு சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அது தானாக விரியும்வரை அவள் தீனி போடவில்லை. விரிந்த அன்று சிரிஞ்சைக் கணவரிடம் நீட்டி, "நீங்க குடுங்க" என்றாள். முதல் துண்டு குறி தவறி எங்கோ போனது. இரண்டாவதை அது பிடித்துக்கொண்டது.

இப்போது தொட்டியில் இருப்பவை எல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிரிந்த குட்டிகள். சென்ற மாதம் முட்டுக்காட்டு ரேணுகா தன் தொட்டிக்கென்று இரண்டு வாங்க வந்தாள். எந்தத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நூர்முகமதுதான் அவளுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார்.