பலகைப் பேரும் ஊர்ப் பேரும்

ஸ்டேஷனில் மைக்கில் பேசுகிறவளை ஊரே 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. கடையில் நின்று வெங்காயம் பொறுக்கினாலும், "என்னக்கா, நாலு மணி வண்டி லேட்டா?" என்று எவராவது கேட்பார்கள். ஆள் உண்மையில் அதிகம் வாய் திறக்காதவள். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டா பதில் வராது. ஊருக்கே கத்துற வேலை இவளுக்கு!" என்று அவளுடைய அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஊருக்கு இரண்டு பேர். ஸ்டேஷன் பலகையில் எழுதியிருப்பது ஒன்று. ஊர் ஜனங்கள் வாயில் புழங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பலகையில் இருப்பது, மலைக்கு அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு கிராமத்தின் பேர். தண்டவாளம் முதலில் அங்கேதான் போவதாக இருந்ததாம். மண் சதுப்பாக இருக்கிறது என்று பாதையை இந்தப் பக்கம் திருப்பினார்கள். ஆனால் இரும்பில் வார்த்த பலகைகள் அதற்குள் வந்து இறங்கிவிட்டன. தூக்கிப் போட மனமில்லாமல் இங்கேயே நட்டுவிட்டார்கள். அப்படியில்லை, நிலம் கொடுத்த பண்ணைக்காரர் தன் கிராமத்துப் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் என்பார் சாமான் தூக்குகிற பெரியவர். எது நிஜமோ, தபால், பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஊர்ப் பேர்தான். ரயிலுக்கு மட்டும் பலகைப் பேர். பதினோரு வருஷமாக அவள் மைக்கில் பலகைப் பேரைச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்ததும் ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மனசுக்குள் இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தன.

அண்ணனுக்கு நெஞ்சில் வலி வந்தது. அவர் ஊர்ப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. அவளுடைய ஊரில் இருந்தது. இரண்டு மாசம் அலைந்து, ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினாள். அண்ணன் அதுவரை அங்கே வந்ததில்லை. விடுமுறைக்கு அவள்தான் அவரிடம் போவாள். முந்தின நாள் போனில் பேசினாள்.

"அண்ணா, பன்னெண்டே காலுக்கு வண்டி வந்துரும். ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். இறங்கினதும் நேரா என் ரூமுக்கு வந்துருங்க. பிளாட்பாரத்துக் கடைசியில இருக்கு."

"ஊர்ப் பேரு தெரியும், தங்கச்சி பேரு தெரியும். எனக்கென்ன குறைச்சல்? வந்துருவேன்" என்றார்.

அவர் சொன்னது ஊர்ப் பேர். அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அவர் ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லை என்றார். கூட்டம் பின்னால் முண்டியது. "வண்டி போற கடைசி ஸ்டேஷனுக்கே தர்றேன். வழியில உங்க ஊரு வந்தா இறங்கிக்கோங்க" என்று கிழித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அவள் மைக்கைப் போட்டாள். பலகைப் பேரை வழக்கம்போல் நிறுத்தி நிதானமாக மூன்று தடவை சொன்னாள். அண்ணன் காதில் விழட்டும் என்று அன்றைக்குக் குரலைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். வண்டி கிளம்பியது. கதவருகே வந்து நின்றாள். பத்துப் பதினைந்து பேர் வெளியே போனார்கள். பிளாட்பாரம் காலியானது. அண்ணன் வண்டியைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தாள். கொஞ்சம் கோபம்கூட வந்தது. இந்த டாக்டரிடம் மறுபடி நேரம் வாங்குவது லேசா?

மூன்றரைக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் போன் அடித்தது. அவள் அப்போது கையெழுத்து வாங்கப் போயிருந்தாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்படி ஸ்டேஷன் கிடையாது சார். அது எங்க ஊருதான். இங்க அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். போனை வைத்துவிட்டு, "இங்கிருந்து அஞ்சு கிலோமீட்டர்ல, பாலத்துக்கிட்ட ஒருத்தர் விழுந்து கிடந்தாராம். உயிர் இல்ல. சட்டைப் பையில நம்ம ஊர்ப் பேரு எழுதின சீட்டு இருக்காம்" என்றார்.

சீட்டில் வேறென்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது பிறகு தெரிந்தது. ஊர்ப் பேர் வரும் வரும் என்று ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். சந்தேகம் தட்டி, இரண்டு ஸ்டேஷன் தாண்டி ஒரு சின்ன நிறுத்தத்தில் இறங்கி விசாரித்திருக்கிறார். அங்கே கொடி காட்டுகிற ஆள், "அது எப்பவோ போயிருச்சே. திரும்பிப் போக அஞ்சு மணிக்குத்தான் வண்டி" என்றார். மூன்று மணிக்கு டாக்டர். தங்கச்சி அரும்பாடுபட்டு வாங்கின நேரம். தண்டவாளத்தோடு நடந்தால் ஒன்பது கிலோமீட்டர் என்றார்கள். உச்சி வெயிலில் நடக்க ஆரம்பித்தார். நாலு கிலோமீட்டர் நடந்திருந்தார்.

பிணவறை வாசலில் மர பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவள் பக்கத்தில் போய் நின்றதும் அண்ணி நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டி நின்னப்போ மைக்குல பேசினது நீயா?"

"இல்ல அண்ணி" என்றாள். "அந்த நேரத்துக்கு வேற ஒருத்தரு டூட்டி."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் முடிந்ததும் தன் ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை.

பத்து நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் வண்டிக்குப் பலகைப் பேரைச் சொன்னாள். உடனே ஊர்ப் பேரையும் சொன்னாள். "இந்தப் பேரைக் கேட்டு வந்தவர்களும் இங்கேயே இறங்கவும்" என்றாள். மாஸ்டர் ஓடி வந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். இரண்டு மாசம் அப்படியே ஓடியது. ஜனங்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் குழம்பவில்லை. யாரோ மேலே எழுதிப் போட்டார்கள். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர்தான், டீ வாங்கிக் கொடுத்துவிட்டே கேட்டார்.

"இல்லாத ஸ்டேஷன் பேரை எதுக்கும்மா மைக்குல சொல்றீங்க?"

"ஸ்டேஷன்தான் சார் இல்ல. ஊரு இருக்கு."

"பலகையில இல்லாததைச் சொல்லக்கூடாதுங்கிறது விதி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"அப்ப பலகையில எழுதிடுங்க சார்."

அதற்கு வேறு இலாகா, வேறு ஃபைல் என்றார். அவளைப் பார்சல் ஆபீசுக்கு மாற்றினார்கள். மைக்குக்கு ஆள் போடவில்லை. முந்தின வருஷம் அவள் குரலிலேயே பதிவு செய்து பெட்டியில் கிடந்த அறிவிப்பை மெஷினில் ஏற்றினார்கள். பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டே காலுக்கு அவள் குரல் வெளியே கேட்கும். பலகைப் பேர் மட்டும், மூன்று தடவை, நிறுத்தி நிதானமாக. தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பாள். கூட வேலை பார்த்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். விஷயம் தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

இப்படி ஆறு வருஷம். ஏழாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. ஸ்டூலில் கிடந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்தாள். இவள் அதில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு மைக்குல பேசினது நான்தான்."

மெஷின் நிற்கவில்லை. ஒரு சட்டைக் கையைத் தைத்து முடித்து நூலை அறுத்த பிறகுதான் அண்ணி பேசினாள்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"கொடி காட்டுற ஆளு. நீ வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'என் தங்கச்சி குரல் மாதிரியே கேட்டுச்சு, ஆனா வேற ஊருப் பேரைச் சொன்னா'ன்னு உங்கண்ணன் அவருகிட்ட சொல்லியிருக்காரு."

கேட்டிருக்கிறார். அடையாளம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவள் சொன்ன பேரை நம்பி உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

"தெரிஞ்சுட்டே ஏன் அண்ணி கேட்டீங்க?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஆமான்னு சொல்லியிருந்தா உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். தெரிஞ்சா செஞ்சே நீ? நீ இல்லன்னுட்டே. என்னைத் தனியா அழ விட்டுட்டே."

இவள் அழுதாள். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள், தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றாள்.

"அஞ்சுக்கு. இல்லன்னா காலையில."

அண்ணி ஊசியையும் ஒரு சட்டையையும் எடுத்து அவள் மடியில் போட்டாள். "பட்டன் இன்னும் நாப்பது சட்டைக்குக் கிடக்கு. நாளைக்குக் கொடுக்கணும்."

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இருட்டும் வரை இரண்டு பேரும் தைத்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை பஸ் ஏறும்போது அண்ணி வாசல் வரை வந்தாள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வரும். உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது.