பொலிஸ்காரர் வெற்றிலை போட்ட அறை

திங்கட்கிழமை காலை சுகந்தி அக்காவின் ரப்பர் கையுறைகள் கொக்கியில் காய்ந்துபோய்த் தொங்கின. ஆறரைக்கு நான் வேலைக்கு வரும்போது அவை எப்போதும் நனைந்திருக்கும். எனக்கு முன்பே வந்து கண்ணாடி வீட்டு நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டிருப்பார். எங்கள் நோர்வீஜிய முதலாளி தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து, ஞாயிறு காலை சுகந்தியின் இதயம் நின்றுவிட்டது என்றார். வயது நாற்பத்தொன்று.

இந்த ஊர்த் தமிழர்களே, கலியாணத்துக்கும் கோயிலுக்கும் அவரிடம் வெற்றிலை வாங்கியவர்கள் நீங்கள். அந்த வெற்றிலை வளர்ந்த அறையைப் பார்த்தவர்கள் குறைவு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டவள். பூச்சட்டிகளோடு கதைக்கத் தேவையில்லை என்பதால் இந்த வேலை பிடித்தது. முதல் வாரம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா பக்கத்தில் வந்தார்.

"எடி பிள்ளை, உனக்குப் பல்லுக்கில்லு கொட்டுப்பட்டுப் போச்சே? ஒருக்கா ஈ எண்டு காட்டு பாப்பம்."

சிரித்துவிட்டேன்.

"ஓம், எல்லாம் இருக்கு. அப்ப பயமில்லை."

வெஸ்ட்லி என்ற புறநகரில் ஏழாம் மாடியில் அவருக்கு ஒரு சின்ன வீடு. படுக்கையறையை வெற்றிலைக் கொடிக்குக் கொடுத்துவிட்டு அவர் சோபாவில் படுத்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு முழக் கொடியில் தொடங்கிய தோட்டம் அது. சுவரிலும் யன்னலிலும் அலுமினியத் தாள். மேலே, முதலாளி கழித்துவிட்ட பெரிய விளக்கு. கொடி ஏறுவதற்கு, பாசி சுற்றிய பழைய பனிச்சறுக்குத் தடிகள். மூன்று முறையும் நட்டது அழுகியது. நான்காம் முறை கணுவில் வேர் விட்டது.

"வெயில் கூடினா வாடும், குளிர் பட்டாக் கறுக்கும், தண்ணி நிண்டா அழுகும். என்ர மாமியார் மாதிரி, ஒண்டும் பிடிக்காது," என்பார். சொல்லிக்கொண்டே இலையைத் தடவுவார்.

போரினால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம் அது. அவருடைய மகள் ஆரணி, ஒன்பது வயது, கொக்குவிலில் சித்தியோடு இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம் முடிவுக்குக் காத்திருந்தது. பொலிசில் ஒரு வழக்கு விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மறுநாள் கலியாணத்துக்காக நாங்கள் இலை துடைத்துக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர், ஒருவர் நரைத்த மீசைக்காரர், மற்றவர் இளையவர். கட்டிடத்தில் யாரோ முறையிட்டிருந்தார்கள். யன்னலில் வெள்ளித் தாள், பகல் முழுக்க விளக்கு, வெள்ளிக்கிழமைகளில் வந்து ஒரு நிமிடத்தில் பொட்டலத்தோடு போகிற ஆட்கள். உள்ளே வந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டவை மேசையில் இருந்த சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தூள். அது கலியாணத்துக்குக் கட்டிய சுண்ணாம்பு.

"இங்கே கஞ்சா வளர்க்கிறீர்களா?" மீசைக்காரர் நிதானமாகக் கேட்டார்.

"யா," என்றார் அக்கா.

"விற்கிறீர்களா?"

"யா, யா."

நாங்கள் பெரியவர் பேசும்போது ஓம், ஓம் என்று தலையாட்டுவோம், கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக. பயத்தில் அக்காவுக்கு அதன் நோர்வீஜியச் சொல்லான 'யா' மட்டும்தான் வந்தது. இளையவர் எழுதத் தொடங்கினார். அந்தப் பேனையைப் பார்த்தபோது எனக்கு ஆரணியின் முகம்தான் தெரிந்தது, படத்தில் மட்டும் பார்த்த முகம்.

"இல்லை!" என்று நோர்வீஜிய மொழியில் கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிது. அவர் ஆம் என்பது கேட்கிறேன் என்பதற்கு, இது நாங்கள் மென்று தின்னும் இலை, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் வைப்பது என்றெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

மீசைக்காரர் கொடியை அண்ணாந்து பார்த்தார். வீடுகளுக்குள் தாங்கள் கைப்பற்றுவது பெரும்பாலும் இண்டிகா என்ற கஞ்சா வகை என்றார். குட்டையாக, அடர்ந்து வளரும். விரல் விரித்தது போல அகன்ற இலை. வாசம் படிக்கட்டு வரை வரும். புகைத்தவருக்கு உடம்பு தளர்ந்து நித்திரை வரும். நான் தமிழில் சொன்னேன். செடிக் கதை என்றதும் அக்காவின் பயம் போய்விட்டது.

"குட்டையோ? இது கூரையை முட்டுது. விரலோ? இதில எங்கை விரல்? நித்திரையோ? இதைப் போட்டா உவருக்கு வாற நித்திரையும் ஓடிப்போம். சொல்லு பிள்ளை, விடாமச் சொல்லு!"

சொன்னேன். அக்கா ஒரு பையைப் பிரித்து, சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து இலையில் தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டார். மென்று முடித்துச் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டினார். பிறகு இன்னொன்றை மடித்து மீசைக்காரரிடம் நீட்டினார். இளையவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மீசைக்காரர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய காது சிவந்தது. நெற்றி வியர்த்தது. இருமினார்.

"நித்திரை வருதோ எண்டு கேள்," என்றார் அக்கா.

கேட்டேன். "இந்த வாரம் வராது," என்றார் அவர், கண்ணில் தண்ணீரோடு. இளையவர் எழுதியதன் மேல் கோடு இழுத்தார். சுண்ணாம்பில் ஒரு பையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கிழமையில் வழக்கு இல்லை என்று கடிதம் வந்தது. அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த கோடையில் ஆரணி விமானத்தால் இறங்கினாள்.

வியாழக்கிழமை இறுதி நிகழ்வில் நீங்களும் இருந்தீர்கள். பேசிய எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் "பாவம்" என்று தொடங்கினார்கள். பாவம், தனிச்சு வந்த பிள்ளை. பாவம், ஒரு சுகமும் காணேல்லை. என் பக்கத்தில் இருந்த ஆரணி, "அக்கா, அம்மா பாவமோ?" என்று கேட்டாள்.

அந்தக் கொடியில் மூன்று துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது, அக்கா வாங்கித் தந்த குரலும் இருக்கிறது. நான் எழுந்து முன்னால் போய், பேசிக்கொண்டிருந்தவர் முடிக்கும் வரை நின்று, ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன்.