சித்தியின் கை

துறைமுகத்தில் இலையில் மடித்த சுமான் சாதம் விற்கும் தோராய் அக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பாதிரியார் வாழ்த்தினால்கூட, என்ன வேண்டுமாம் என்று முறைப்பாள். பக்கத்தில் கடலை விற்கும் எனக்கும் அவளுக்கும் தினமும் வாய்ச்சண்டைதான். வயசுப்பெண் யாராவது செபு நகரத்துக்குக் கப்பல் ஏற வந்தால் போதும், அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள்; தன் சுமான் ஆறிப்போவதுகூடக் கண்ணில் படாது.

அன்று மலையூர் வேனிலிருந்து பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். பெயர் லுவெலின். வாசலில் காத்திருந்த ஒருத்தி அவள் பையை வாங்கி, எங்கள் பெஞ்சுக்கு அழைத்து வந்தாள்.

"யாரும்மா இது?" என்றாள் தோராய்.

"எங்க அக்கா பொண்ணு. செபுவுல என் வீட்ல தங்கிப் படிக்கப் போறா."

பெண்ணின் அம்மா பேர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் பிசகாமல் சொன்னாள். பெண்ணும், "ஆமா, சித்திதான்" என்றாள்.

"போதும் விடுக்கா. உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்" என்றேன் நான்.

சித்தி பையை வைத்துவிட்டு டிக்கெட் வாங்கப் போனாள். தோராய் ஒரு சுமானை நீட்டினாள். பெண் அதை வாங்குமுன் அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்ததும் செய்வதுதான்.

தோராய் கையை விடவில்லை. "யாரோ ஒருத்தி, என் கையையே நெத்தியில வச்சியே. வேன்ல இருந்து இறங்கினதும் உன் சித்தி கையை ஏண்டி தொடல?"

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"போன்லதான் பழக்கம். இன்னைக்குத்தான் பாக்குறேன். கடையில வேலை இருக்காம். யாராவது கேட்டா சித்தின்னு சொல்லச் சொன்னாங்க."

தோராய் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு காவலாளியைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் கேட்டதுமே சித்தி வரிசையை விட்டு நழுவி வெளியே போய்விட்டாள். வேனிலிருந்து அந்தப் பெண் இறங்கியதை நானும்தானே பார்த்தேன், எனக்கு அது தோன்றவே இல்லையே.

குழந்தைகள் நலத்துறை ஆட்கள் வர நேரமாகும் என்றான் காவலாளி.

"வா, அதுவரைக்கும் என் வீட்ல வந்து சாப்பிடு" என்றாள் தோராய்.

பெண் அசையவில்லை. "நீங்க யாரு? நான் ஏன் உங்ககூட வரணும்?"

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தோராய் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அப்படிக் கேளு. வராதே." காவலாளியிடம் திரும்பினாள். "நாற்காலி கொண்டா தம்பி. எல்லாரும் பாக்குற இடத்துல போடு. வர்றவங்க அடையாள அட்டையை முதல்ல இவகிட்ட காட்டச் சொல்லு."

அவர்கள் வரும்வரை நாங்கள் இருவரும் அந்த நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தோம்.