கோமதிநாயகத்தின் பக்கவாட்டு முகம்

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் இருந்த சங்கரசுப்புவின் சிமெண்ட் சிலைப் பட்டறைக்கு வருகிறவர்கள் கையில் போட்டோவோடுதான் வருவார்கள். அதில் பாதி எதற்கும் உதவாது. கல்யாணப் போட்டோவில் மாலை நாடியை மறைத்திருக்கும். கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்ததென்றால் ஆள் வாயெல்லாம் பல்லாக நிற்பான். அதைப் பார்த்துச் செய்தால் சிலை காலத்துக்கும் கன்னம் உப்பி நிற்க வேண்டியதுதான். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, வாய் திறக்காமலிருக்கக் கட்டிய நாடிக்கட்டோடு எடுத்த போட்டோவைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதை அவர் தொடவே மாட்டார். பிணத்தைப் பார்த்துச் செய்தால் பிணம்தான் வரும் என்பது அவர் கட்சி.

அவருக்கு வேண்டியது சும்மா இருக்கிற முகம். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டையும் பழுப்புத் தாளில் ஒரே அளவில் வரைந்து, அருகருகே ஒட்டி, புருவம், மூக்கு நுனி, உதடு, நாடி எல்லாவற்றுக்கும் குறுக்கே நூல் பிடிப்பார். நூல் இரண்டு முகத்திலும் ஒரே இடத்தில் போனால்தான் களிமண்ணில் கை வைப்பார். நேர்முகம் எப்படியும் கிடைத்துவிடும். பக்கவாட்டுக்குத்தான் திண்டாட்டம். காசு கொடுத்து ஸ்டுடியோவுக்குப் போனவன் காதைக் காட்டிக்கொண்டா உட்காருவான்?

எண்பத்துநாலில் குருவிகுளம் பக்கமிருந்து ஆறுமுகத்தாய் வந்தாள். காய்ச்சலில் போய்விட்ட கணவர் கோமதிநாயகத்துக்கு, அவர் வெட்டிய கிணற்றங்கரையில் மார்பளவுச் சிலை வைக்க வேண்டும். பிள்ளை கிடையாது. நாளாக நாளாக அவர் முகம் நினைவிலிருந்து கலைந்துகொண்டே போவதுதான் அவளுடைய பயம். கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ.

“பக்கவாட்டுக்கு என்னைய வச்சு வரைஞ்சுக்கிடுங்க அண்ணாச்சி. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு,” என்றான் கூட வந்த கொழுந்தன் மருதப்பன்.

அப்படியே வரைந்தார். நூல் பிடித்தால் அச்சாகப் பொருந்தியது. சங்கரசுப்புவுக்கு ஏக சந்தோஷம். களிமண்ணில் முகத்தை முடித்துவிட்டுச் சொல்லியனுப்பினார்.

வந்தவள் நேராக நிற்காமல் சிலைக்குப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

“இது கொழுந்தன்லா.”

“போட்டோவுக்குச் சரியா இருக்கே தங்கச்சி. முன்னால வந்து பாரு.”

“முன்னால நின்னு அவுகள நான் எங்க பாத்தேன்? மாமியா இருக்க வீடு. சோறு வச்சாலும் ஓரமா நின்னுதான் வைப்பேன். சந்தைக்குப் போனா சைக்கிள்ல பின்னால உக்காந்திருப்பேன். எனக்குத் தெரிஞ்சது இந்தப் பக்கந்தான்.”

சங்கரசுப்புவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முடித்த வேலையில் குறை சொன்னால் யாருக்குத்தான் வராது? இருந்தாலும், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே தாளை விரித்தார். அவள் சொல்லச் சொல்லப் பக்கவாட்டு முகமாகவே வரைந்து சுவரில் மாட்டினார். ஒன்றில் காது சிறிசு என்றாள். இன்னொன்றில் கழுத்து நீளம். கடைசியில் நாடி நெஞ்சைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள்.

“இதான்.”

நூல் பிடித்தால் அது போட்டோவோடு எங்கேயும் ஒட்டவில்லை. போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் சங்கரசுப்புவுக்கு உறைத்தது. ‘நாடியைத் தூக்குங்க’ என்று சொல்லாத ஸ்டுடியோக்காரர் உண்டா? தன்னை வரைகிறார்கள் என்றதும் மருதப்பனும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தான். தூக்கிய நாடியும் தூக்கிய நாடியும் பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். தன் மேலேயே எரிச்சலோடு களிமண்ணைப் பிசைந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சிமெண்டில் வார்த்த சிலையைக் கிணற்றங்கரைப் பீடத்தில் ஏற்றியபோது மருதப்பனுக்குத் திருப்தியில்லை.

“போட்டோல இருக்க கம்பீரம் இல்லையே, அண்ணாச்சி?”

ஆறுமுகத்தாய் பக்கவாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“அவுகதான்,” என்றாள்.

சங்கரசுப்புவுக்கு அது போதவில்லை. நேர்முகத்துக்கும் கஷ்டப்பட்டிருக்கிறாரே. “இந்தப் பக்கமும் ஒருக்க வந்து பாரு தங்கச்சி,” என்றார்.

அவள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். கண்ணை உயர்த்தியவள் சட்டென்று தலையைக் குனிந்து, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“என்னையவே பாக்காக,” என்றாள். “அப்பமும் இப்படித்தான் பாத்துருப்பாகளோ என்னமோ. நான் ஒருநாளும் நிமிந்து பாக்கலையே, அண்ணாச்சி.”

அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.