இசார் ஆற்றில் ஒரு ஹூகன்

அல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் என்னைத் தவிர வேறு தமிழர் இல்லை. ஒரு ஹோட்டல் குசினியில் எனக்குச் சமையல் வேலை. சனி, ஞாயிறு ஊரே ஓய்வெடுக்கும்போது நான் அடுப்படியில் நிற்பேன். எனக்கு லீவு கிடைக்கும் செவ்வாய்க்கிழமை எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கொலோனில் இருந்த அக்காவைப் பார்க்கப் போனால் ரயிலிலேயே நாள் முடிந்துவிடும். அதனால் இசார் ஆற்றுக்குப் போகத் தொடங்கினேன்.

ஜெர்மனியில் நினைத்தவுடன் தூண்டில் போட ஏலாது. வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். நாலு பேரின் பழக்கம் கிடைக்கும் என்றுதான் நான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். கிடைத்ததுதான். ஆனால் சோதனை முடிந்ததும் ஆற்றில் ஆளுக்கொரு வளைவு பார்த்துத் தனியே போய் நின்றுகொண்டார்கள்.

குளிர்காலத்தில் நான் தேடிப் போனது ஹூகன் என்ற மீனை. சால்மனுக்குச் சொந்தம், ஆனால் கடலுக்குப் போகாது. மலைத் தண்ணீரிலேயே பெருத்து ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். இரண்டு குளிர்காலம் ஒன்றும் கொத்தவில்லை. தூண்டில் தடியின் வளையங்களில் ஐஸ் கட்டும், வாயால் ஊதி உருக்குவேன். காலையில் பேக்கரியில் பாண் கேட்டதைத் தவிர ஒரு சொல்லும் பேசாமல் போன செவ்வாய்கள் உண்டு.

மூன்றாவது குளிர்காலத்தில், பனி தூறிய ஒரு பின்னேரம், தூண்டில் கல்லில் சிக்கிவிட்டதென்று இழுத்தேன். கல் நகர்ந்தது. பிறகு ஓடியது. தங்கூசி நூல் விரலை அறுக்க, கரையோரம் தடுக்கித் தடுக்கி அதன் பின்னால் போனேன். கடைசியில் மீன் களைத்து ஆழமில்லாத இடத்துக்கு வந்தபோதுதான் என் கையிலிருந்த அத்தாங்கு வலைக்குள் அதன் தலைகூட அடங்காது என்று தெரிந்தது.

"ஆராவது ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

மேலே நடைபாதையில் போய்க்கொண்டிருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன்காரி சரிவில் இறங்கி வந்தார். கோட்டோடும் சப்பாத்தோடும் தண்ணீரில் இறங்கி, மீனின் வாலடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் தூண்டில் முள்ளைக் கழற்றி அளந்தேன். சட்டம் கேட்கும் நீளத்துக்குக் கொஞ்சம் காணாது.

"விட வேண்டும்" என்றேன்.

"தெரியும். என் கணவரும் மீன்பிடிக்கிறவர்தான்."

மீன் தெளியும்வரை ஓட்டத்துக்கு எதிராக அதைத் தாங்கிக்கொண்டு இருவரும் குனிந்து நின்றோம். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. பிறகு ஒரே உதறலில் போய்விட்டது.

"கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மீனைத் தேடித்தான் குளிர்காலமெல்லாம் வந்தார்" என்றார் அவர். "ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். இது இவ்வளவு அழகென்று தெரிந்திருந்தால் ஒரு நாளாவது கூட வந்திருப்பேன்."

பிளாஸ்கிலிருந்த தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்து, ஊர் ஹோட்டலில் சமைக்கிறேன் என்றேன். குடித்துவிட்டு, நனைந்த கால்களோடு மேலே ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அக்கா, பெரிய மீனொண்டு பிடிச்சனான்."

"வெட்டிட்டியோ?"

"இல்லை, அளவு காணாது. விட்டிட்டன்."

"விசரோ உனக்கு? சரி, பிள்ளையை டான்ஸ் கிளாசுக்குக் கூட்டிக்கொண்டு போறன், பேந்து எடு."

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் அதே இடத்தில்தான் நின்றேன். தூண்டிலைவிட நடைபாதையைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் வரவில்லை.

வசந்தகாலத்தில் ஒரு ஞாயிறு மதியம், குசினி கொதித்துக்கொண்டிருந்தபோது பரிமாறுகிற பெண் உள்ளே வந்தாள்.

"யன்னலோர மேசையில் ஒரு அம்மா, ஆற்றங்கரையில் கத்திய ஆள் இங்கேதான் வேலை செய்கிறாரா என்று கேட்கிறார்."

"ஓம், நான்தான். இதோ வருகிறேன் என்று சொல்லு."

அடுப்பில் நாலு சட்டி இருந்தன. எல்லாவற்றையும் இறக்கி அனுப்பிவிட்டு, ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். பரிமாறுகிற பெண் அந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்ஸி வந்துவிட்டது" என்றாள். "வீட்டை விற்றுவிட்டாராம். ஹம்பேர்க்கில் மகளோடு இருக்கப் போகிறாராம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்."

வாசல்வரை போனேன். தெருவில் ஒரு வாகனமும் இல்லை. உள்ளே மணியடித்து அடுத்த ஓர்டரைச் சொன்னார்கள்.